பிறந்த குழந்தைக்கு மஞ்சள்: காலை வெயில் போதுமா?

2025 ஜூன் 9, கேள்வி

தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்து நாலு நாள் ஆகிறது. 37 வாரத்தில் சுகப்பிரசவம், மூணாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்றிலிருந்து முகமும் நெஞ்சும் மஞ்சளாகத் தெரிகிறது. "எல்லாக் குழந்தைக்கும் வர்றதுதான், காலை வெயில்ல கொஞ்ச நேரம் காட்டு, தானா வடிஞ்சிடும்" என்கிறார் அம்மா. எதிர்வீட்டுப் பாட்டி ஒரு சங்கு கழுதைப்பால் கொடுக்கச் சொல்கிறார். குழந்தை நன்றாகத் தூங்குகிறான், அழுவதே இல்லை, தொந்தரவே கிடையாது. வெயிலில் காட்டினால் போதும்தானே? (மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

ஜூன் 9, மாலை

போதாது. இன்றைக்கே கூட்டிக்கொண்டு போய் ரத்தத்தில் பிலிருபின் அளவு பாருங்கள். நாளைக் காலை வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மஞ்சளைவிட எனக்குப் பயம் தருவது "அழுவதே இல்லை" என்ற வரி. நாலு நாள் குழந்தை ரெண்டு மூணு மணிக்கு ஒருமுறை பாலுக்கு எழ வேண்டும், ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை குடிக்க வேண்டும். மார்பில் வாய் வைத்து நாலு இழுப்பு இழுத்துவிட்டு அப்படியே தூங்கிப்போகிறானா? உள்ளங்காலைத் தேய்த்து எழுப்பினாலும் துவண்டு கிடக்கிறானா? அப்படியென்றால் அரை நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. குழந்தைகள் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். பக்கத்து கிளினிக்கில் காட்டிவிட்டுப் போகலாம் என்று நேரத்தை விடாதீர்கள். 108-ஐக் கூப்பிடலாம்.

ஜூன் 9, இரவு

மாலையில் அவசரமாக எழுதினேன், இப்போது காரணம் சொல்கிறேன். நான் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்தக் கேள்வியை வெவ்வேறு வீடுகளின் வாயிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

வயிற்றுக்குள் இருக்கும்போது குழந்தைக்குச் சிவப்பணுக்கள் நிறையத் தேவை. பிறந்து தானாக மூச்சுவிட ஆரம்பித்ததும் அவ்வளவு வேண்டியதில்லை, அதனால் உடைகின்றன. நம் சிவப்பணு 120 நாள் இருக்கும். பச்சைக் குழந்தையுடையது 60, 70 நாள், மிஞ்சினால் 90. உடைந்த அணுக்களிலிருந்து வரும் மஞ்சள் நிறப் பொருள்தான் பிலிருபின். கல்லீரல் அதைப் பக்குவப்படுத்திப் பித்தத்தில் விட வேண்டும், அது மலத்தோடு வெளியேற வேண்டும். முதல் வாரத்தில் கல்லீரலுக்கு அந்த வேலை இன்னும் கைவந்திருக்காது. அதனால்தான் நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 60 பேருக்கும் குறைமாதக் குழந்தைகளில் 80 பேருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் தெரிகிறது. பெரும்பாலானவர்களுக்குத் தானாக வடிந்தும் விடுகிறது. அம்மா சொன்னதில் இந்தப் பாதி உண்மை.

மீதிப் பாதியில்தான் ஆபத்து. சில குழந்தைகளுக்கு அளவு ஏறிக்கொண்டே போகும். ஓர் எல்லையைத் தாண்டினால் பிலிருபின் மூளைக்குள் புகுந்து, உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியிலும் செவி நரம்பின் பாதையிலும் படிந்துவிடும். கெர்னிக்டரஸ் என்று பெயர். படிந்து நாளான பிறகு அதைத் துடைத்தெடுக்க மருந்து கிடையாது. முன்னாலேயே பிடித்துவிட்டால் ஏறக்குறைய முழுவதும் தடுக்கக்கூடியது.

உச்சம் வருவது மூணாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்புவதும் அதே சமயத்தில்தான். ஆஸ்பத்திரியில் இருந்தபோது டாக்டர் பார்த்து "மஞ்சள் இல்லை" என்று சொன்னது அன்றைய நிலவரம் மட்டுமே.

ஜூன் 10

பதில் வந்திருக்கிறது. இரவே போயிருக்கிறார்கள். பிலிருபின் அளவு 21 (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் மில்லிகிராம் கணக்கு, இங்கே எழுதும் எண்கள் எல்லாம் அப்படித்தான்). உடனே விளக்கில் வைத்துவிட்டார்களாம். படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

தங்கை அழுதுகொண்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணைக் கட்டி, துணியில்லாமல், நீல வெளிச்சத்துக்குக் கீழே தனியாகக் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து அழாத தாயை நான் கண்டதில்லை. அவரிடம் இதைச் சொல்லுங்கள். அந்த வெளிச்சம் சுடாது, அது எக்ஸ்ரேயும் இல்லை, புற ஊதாக் கதிரும் இல்லை. 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான நீல ஒளி, அவ்வளவுதான். தோலுக்குள் இருக்கும் பிலிருபின் மீது அது படும்போது மூலக்கூறின் வடிவம் மாறுகிறது. மாறிய பொருளுக்குக் கல்லீரலின் பக்குவம் தேவையில்லை, நேராகப் பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். கண்ணுக்குக் கட்டு போடுவது விழித்திரையைக் காப்பதற்காக.

எவ்வளவு தோல் வெளிச்சத்தில் படுகிறதோ அவ்வளவு வேலை நடக்கும். "குளிருமே" என்று யாராவது மேலே துணி போர்த்தினால் தயவுசெய்து எடுக்கச் சொல்லுங்கள். பால் கொடுக்க வெளியே எடுக்கலாம், கொடுத்ததும் திரும்ப வைத்துவிட வேண்டும். மலம் பச்சையாக, தண்ணீராகப் போகும். அது பேதி இல்லை.

ஜூன் 10, மறுபடியும்

ஒரு குழந்தை மருத்துவர் எழுதியிருக்கிறார்: "எல்லோரையும் பயமுறுத்துகிறீர்கள். மஞ்சள் தெரிந்த ஒவ்வொரு குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தால் வெளிநோயாளிப் பிரிவு தாங்காது."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நிறைமாதத்தில் பிறந்து, நல்ல எடையோடு, நன்றாகப் பால் குடித்து, ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போய், மலம் கருமை மாறி மஞ்சளாகி, முகத்தில் மட்டும் லேசாக மஞ்சள் தெரியும் குழந்தைக்கு நடுராத்திரியில் ஓட வேண்டாம். மறுநாள் பகலில் காட்டினால் போதும்.

ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது ஒருபோதும் "எல்லாருக்கும் வர்றது" கிடையாது. உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினால் காத்திருக்கக் கூடாது. 38 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை, விளக்கில் வைக்க நேர்ந்த அண்ணனோ அக்காவோ உள்ள குழந்தை, பிரசவத்தில் தலையில் ரத்தம் கட்டிய குழந்தை, தாய் நெகட்டிவ் குரூப்பாகவோ ஓ குரூப்பாகவோ உள்ள குழந்தை, பால் சரியாக இறங்காத குழந்தை, இவர்களுக்கெல்லாம் ஆபத்து அதிகம், சீக்கிரமே பார்க்க வேண்டும். மணப்பாறைப் பிள்ளைக்கு இதில் இரண்டு இருந்தன: 37 வாரம், பால் குடிக்காதது.

ஜூன் 11

கண்ணால் பார்த்து அளவைச் சொல்ல முடியாதா என்று இருவர் கேட்கிறார்கள்.

மஞ்சள் தலையிலிருந்து கால் நோக்கி இறங்கும், அதை வைத்துத் தோராயமாகச் சொல்லும் முறை எங்களுக்கும் கற்றுத்தந்ததுதான். முகத்தில் மட்டும் என்றால் 5 போல, நெஞ்சு வரை 10 போல, உள்ளங்கால் வரை என்றால் 15-க்கு மேல். ஆனால் நம் ஊர் மாநிறத் தோலில், பிள்ளை பெற்ற அறையின் அரை இருட்டில், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் இந்தக் கணக்கு தடுமாறும். எவ்வளவோ அனுபவம் உள்ளவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். வீட்டில் பார்க்க வேண்டுமென்றால் பகலில், ஜன்னலோரம் வைத்து, நெற்றியிலும் நெஞ்செலும்பின் மேலும் விரலால் லேசாக அழுத்தி எடுத்தால் ரத்தம் விலகிய அந்த நொடியில் தோலின் உண்மை நிறம் தெரியும். அது "இருக்கிறதா" என்று சொல்லும். "எவ்வளவு" என்பதை ரத்தம்தான் சொல்லும். நெற்றியில் வைத்து அளக்கும் கருவியும் இப்போது பல இடங்களில் இருக்கிறது, ஊசி குத்தாமல் முதல் கட்டத்துக்குப் பார்க்கலாம்.

அப்புறம், கிடைத்த எண்ணைத் தனியாக வைத்துப் பயப்படவும் கூடாது, நிம்மதி அடையவும் கூடாது. பிறந்து 24 மணி நேரத்தில் 12 என்றால் நான் ஓடியிருக்கிறேன். அதே 12 ஐந்தாம் நாளில், நிறைமாதக் குழந்தைக்கு வந்தால் பெரும்பாலும் பால் கொடுத்துக் கவனித்தாலே போதும். எத்தனை மணி நேரக் குழந்தை, எத்தனை வாரத்தில் பிறந்தது என்ற இரண்டையும் வைத்து அட்டவணையில் பார்ப்பார்கள். ஆகவே டாக்டரிடம் போகும்போது பிறந்த நேரத்தை மணிக்கணக்கில் சொல்லுங்கள்.

ஜூன் 12

வெயில் பற்றி. "அப்படியென்றால் நம் பாட்டிமார் சொன்னதெல்லாம் மூடத்தனமா?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை. இந்த நீல விளக்கே வெயிலிலிருந்துதான் பிறந்தது.

1956-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் ராச்ஃபோர்ட் மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகள் பிரிவின் பொறுப்பில் இருந்தவர் சிஸ்டர் வார்ட் என்ற செவிலியர். இன்குபேட்டர் புழுக்கத்தைவிட வெளிக்காற்று நல்லது என்று நம்பியவர் அவர். வெயில் நன்றாக அடிக்கும் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார். ஒரு நாள் ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர்களிடம் ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, முக்கோணமாக ஓர் இடம் மட்டும் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. அந்த இடத்தை விரிப்பின் ஒரு மூலை மூடியிருந்தது. வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் போய்விட்டது, படாத இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. பிறகு, ஜன்னலோரம் வெயிலில் இருந்துவிட்ட ஒரு ரத்தக் குழாயில் பிலிருபின் அளவு எதிர்பாராத விதமாகக் குறைந்திருந்ததையும் கண்டார்கள். ரிச்சர்ட் கிரீமர் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் விளக்குகளை வைத்துத் தொட்டில் செய்து பார்த்து, 1958-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அமெரிக்காவில் ஜெரால்ட் லூசி குழுவினரின் ஆய்வு 1968-ல் வந்த பிறகுதான் உலகம் முழுவதும் பரவியது.

ஒரு செவிலியரின் கண்ணிலிருந்து வந்த கண்டுபிடிப்பு என்பதால் இதை எனக்குக் கீழே வேலை கற்க வந்த பெண்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

சரி, வெயிலே வேலை செய்கிறதென்றால் விளக்கு எதற்கு? வெயிலில் எவ்வளவு நீல ஒளி கிடைக்கிறது என்று நம்மால் சொல்ல முடியாது. அதோடு புற ஊதாவும் வெப்பமும் சேர்ந்து வரும். நிஜமாகவே பலன் கிடைக்கும் அளவுக்குத் துணியில்லாமல் மணிக்கணக்கில் கிடத்தினால் தோல் வெந்துவிடும், இல்லையென்றால் உடம்பில் நீர் வற்றும். குளிர் நாளில் சில்லிட்டுப் போகும். போர்த்திக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் ஆபத்தில்லை, ஏறும் மஞ்சளை இறக்கும் பலனும் இல்லை. நைஜீரியாவில் மின்சாரம் நிற்காத ஆஸ்பத்திரி அரிது என்பதால், புற ஊதாவையும் வெப்பத்தையும் வடிகட்டும் படலம் போர்த்திய கூடாரங்களில் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2015-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஜர்னலில் வந்தது, விளக்குக்குக் குறையாத பலன். ஆனால் அங்கே பக்கத்திலேயே ஆள் இருந்து உடல் வெப்பத்தைத் திரும்பத் திரும்ப அளந்தார்கள், ரத்தமும் பார்த்தார்கள். நம் வாசல் திண்ணையில் அது நடக்காது.

வெயில் செய்யும் பெரிய கெடுதி அது தின்னும் நாட்கள்தான். "இன்னிக்கு மேகமா இருந்துச்சு, நாளைக்குக் காட்டுவோம்" என்று சொல்லிச் சொல்லியே ஆறாம் நாளும் ஏழாம் நாளும் ஆகிவிடும்.

ஜூன் 13

மணப்பாறை வாசகர்: "ஒரே நாளில் மஞ்சள் சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் டாக்டர் விடமாட்டேன் என்கிறார். காசுக்காகவோ?"

டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். நேற்று சொன்ன முக்கோணம் இதற்கும் பதில். விளக்கு முதலில் தோலை வெளுக்க வைக்கும், ரத்தத்தில் அளவு இன்னும் மேலேயே இருக்கலாம். விளக்கில் வைத்த குழந்தையின் தோலைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ரத்தத்தில் இறங்கி, விளக்கை நிறுத்திய பிறகு மறுபடி ஏறுகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும், அதிலும் ரத்தம் உடையும் காரணம் உள்ள குழந்தைக்கு.

ஜூன் 14

கழுதைப்பால். தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து, கறந்து, சங்கில் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கத்திலும் உண்டு. மஞ்சளைக் குறைக்க அதில் எதுவும் இல்லை. காய்ச்சாத பால், கழுவாத கை, கழுவாத சங்கு. ஒரு வாரக் குழந்தையின் குடலுக்கு அது நேராகக் கிருமியைக் கொண்டுபோய் விடும். கிருமித் தொற்று வந்தால் மஞ்சள் இன்னும் ஏறும். சர்க்கரைத் தண்ணீரும் கூடாது. குழந்தையின் வயிறு நிறையும், பால் குடிப்பது குறையும், மலம் போவதும் குறையும். குடலில் தங்கிய பிலிருபின் மறுபடி ரத்தத்துக்கே உறிஞ்சப்படும். சீம்பால் மலத்தை இளக்கி அதை வெளியே தள்ளும்.

தாய்க்கு எண்ணெய், உப்பு, புளி எதையும் நிறுத்த வேண்டாம். பெரியவர்களுக்கு வரும் மஞ்சள் காமாலை வேறு. தாய் பட்டினி கிடந்தால் பிள்ளையின் மஞ்சள் குறையாது. பிள்ளைக்குக் கீழாநெல்லி அரைத்துப் புகட்டுவதும் வேண்டாம்.

ஜூன் 17

பரிசோதனை முடிவு வந்ததாம். குழந்தைக்கு ஜி6பிடி என்ற நொதி குறைவு. வாசகர் பயந்துபோய் எழுதியிருக்கிறார்.

பயப்பட வேண்டாம், தெரிந்துகொண்டது நல்லது. சிவப்பணுவைப் பாதுகாக்கும் நொதி அது. பிறவியிலேயே குறைவாக இருந்தால் சில பொருட்கள் பட்டதும் சிவப்பணுக்கள் கூட்டமாக உடையும். எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண் குழந்தைகளிடம் அதிகம். மற்ற நாட்களில் இவர்கள் எல்லோரையும் போல ஆரோக்கியமாக இருப்பார்கள்.

ஒரு கேள்வி: குழந்தையைச் சுற்றிய துணி எங்கிருந்து எடுத்தது?

ஜூன் 17, இரவு

நினைத்தபடியே பதில் வந்திருக்கிறது. பாட்டியின் பழைய நூல் சேலை, டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்தது, துவைக்காமல் கிழித்துச் சுற்றியிருக்கிறார்கள்.

பாட்டியைத் திட்டாதீர்கள். பிள்ளைக்குப் புதுத்துணி உறுத்தும், பழைய நூல் துணிதான் மெத்தென்று இருக்கும் என்று ஆசையாக எடுத்து வைத்தவர் அவர். நொதிக் குறைவு அவருக்கு எப்படித் தெரியும்? அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் வாசனையாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். ஜி6பிடி குறைந்த குழந்தையின் சிவப்பணுவை அது உடைக்கும். மணப்பாறைப் பிள்ளைக்கு அதுதான் காரணம் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், வீட்டில் உள்ள உருண்டைகளை எல்லாம் வெளியே எறியுங்கள். மருதாணியும் இந்தக் குழந்தைகளுக்கு ஆகாது. தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை எழுதி வாங்கி, தடுப்பூசி அட்டையோடு ஒட்டி வைத்துவிடுங்கள்.

மற்றவர்களுக்கு: ரத்தம் உடைந்துகொண்டிருக்கும்போது எடுத்த ஜி6பிடி சோதனை சில சமயம் பொய்யாக "நார்மல்" காட்டும். சந்தேகம் இருந்தால் மூணு மாதம் போல் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். அலட்சியப்படுத்தாதீர்கள்.

ஜூன் 21

திருநெல்வேலியிலிருந்து ஒரு பெண்: "நான் ஓ நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ். முதல் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதுக்கு என்ன வந்துவிடப் போகிறது?"

அம்மா, முதல் பிள்ளைக்கு வராததுதான் இந்த நோயின் இயல்பே. முதல் பிரசவத்தில் பாசிட்டிவ் பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் உங்கள் ரத்தத்தில் கலந்தால், உங்கள் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி வைத்துக்கொள்ளும். அடுத்த பிள்ளையும் பாசிட்டிவ் என்றால் அந்த எதிர்ப்பொருள் நச்சுக்கொடியைத் தாண்டிப் போய்ப் பிள்ளையின் சிவப்பணுக்களை உடைக்கும். வயிற்றிலேயே ரத்தசோகை முற்றி உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொள்ளலாம். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் ஏறும்.

1960-களுக்கு முன் இப்படிப் பிள்ளைகளை வரிசையாகப் பறிகொடுத்த தாய்கள் ஏராளம். 1968-ல் ஆன்டி-டி ஊசி புழக்கத்துக்கு வந்தது. பாசிட்டிவ் பிள்ளை பிறந்து 72 மணி நேரத்துக்குள் போட்டால் தாயின் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்காமல் தடுத்துவிடும். 28 வாரத்தில் ஒன்று போடுவதும் இருக்கிறது. கரு கலைந்தாலும் கலைத்தாலும் போட வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வெளியில் சொல்லாத ஒரு கருக்கலைப்பு பல வருடம் கழித்து ஒரு பிள்ளையைப் பாதிப்பதைப் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் மட்டுமாவது மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கு முதல் பிரசவத்தில் அந்த ஊசி போட்டார்களா என்று பழைய டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்போது ஐ.சி.டி. என்ற ரத்தச் சோதனையைக் கேளுங்கள், அந்த எதிர்ப்பொருள் உங்கள் ரத்தத்தில் இருக்கிறதா என்று அது சொல்லும்.

இந்த ஊசி ரத்த தானத்திலிருந்து வருகிறது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவரின் பிளாஸ்மாவில் இந்த எதிர்ப்பொருள் ஏராளமாக இருந்தது. சட்டம் அனுமதித்த 81 வயது வரை 1,173 முறை கொடுத்தார். 24 லட்சம் குழந்தைகளுக்கு அவர் பிளாஸ்மா உதவியிருக்கும் என்று அங்கே கணக்கிட்டார்கள். 2025 பிப்ரவரியில்தான், 88 வயதில், தூக்கத்திலேயே காலமானார். செய்தியைப் படித்த அன்று எங்கள் பழைய வார்டுத் தோழிகள் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசிக்கொண்டோம்.

ஜூன் 22

"விளக்குக்கும் இறங்காவிட்டால்?"

ரத்தம் மாற்றுவார்கள். தொப்புள்கொடியின் ரத்தக்குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்து பத்து மில்லியாக, குழந்தையின் ரத்தத்தை எடுத்துவிட்டு அதே அளவு தானமாக வந்த ரத்தத்தைச் செலுத்துவது. மூணு கிலோக் குழந்தையின் உடம்பில் மொத்தமே கால் லிட்டர் போலத்தான் ரத்தம் இருக்கும். அதைப்போல் இரண்டு மடங்கு மாற்ற வேண்டும். பழைய சிவப்பணுக்களில் நூற்றுக்கு 85 போய்விடும், பிலிருபின் பாதியாகக் குறையும். எடுத்த அளவையும் கொடுத்த அளவையும் ஒருவர் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் எழுத, அறையில் வேறு பேச்சே இருக்காது. விளக்குகள் நன்றாக வந்த பிறகு இது மிகவும் குறைந்துவிட்டது. குறைந்ததில் எனக்குச் சந்தோஷம்.

ஜூலை 2

"இவ்வளவு வற்புறுத்துகிறீர்களே, நீங்கள் யாரையாவது பார்த்திருக்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டதற்கு இத்தனை நாள் பதில் எழுதவில்லை.

என் அக்கா மகன். நான் செவிலியர் படிப்பில் சேர்வதற்கு முன்னால் பிறந்தவன். வீட்டில் பிரசவம். மூணாம் நாள் மஞ்சள் தெரிந்தது, வெயிலில் காட்டினார்கள். நாலாம் நாள் பால் குடிக்கவில்லை, "சமத்துப் பிள்ளை, தூங்குறான்" என்றார்கள். ஐந்தாம் நாள் வீறிட்டுக் கத்த ஆரம்பித்தான். பசி அழுகையோ வயிற்றுவலி அழுகையோ இல்லை, காதைக் கிழிக்கும் ஒற்றைச் சுருதி. கழுத்தும் முதுகும் வில்லாகப் பின்னால் வளைந்தன. பேய்க்கோளாறு என்று வேப்பிலை அடித்தவர்களும் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிரை மட்டும் காப்பாற்ற முடிந்தது.

இப்போது அவனுக்கு நாற்பது வயதுக்கு மேல். கை கால்கள் அவன் சொல்வதைக் கேட்காமல் முறுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு டம்ளரை எடுக்க நினைத்தால் கை வேறு எங்கோ போகும். பேச்சு குழறும், காது பெருமளவு கேட்காது. பால்பற்களில் எனாமல் சரியாக உருவாகவில்லை. கண்ணை மேலே உயர்த்த முடியாது, விமானம் போனால் தலையையே பின்னால் சாய்த்துத்தான் பார்ப்பான். கெர்னிக்டரஸ் பற்றிப் பாடத்தில் படித்தபோது ஒவ்வொரு வரியிலும் அவன்தான் இருந்தான்.

ஆனால் அறிவு முழுசாக இருக்கிறது. எழுத்துப் பலகையில் விரல் வைத்துப் பேசுவான், கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் மனப்பாடம். அவனை "புத்தி சரியில்லாதவன்" என்று சொன்னவர்களை அக்கா வாசற்படி ஏற விட்டதில்லை. கிராமத்தில் விளக்கும் இல்லை, பரிசோதனையும் இல்லாத காலம் அது. அக்காமேல் ஒரு குறையும் இல்லை. இன்று மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, விளக்கு இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள். அப்படியிருந்தும் ஒரு பிள்ளைக்கு இது வந்தால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

ஜூலை 15

இதுவரை முதல் வாரத்தைப் பற்றியே பேசினோம். ஒரு தாய் எழுதியிருக்கிறார்: குழந்தைக்கு ஐந்து வாரம், நன்றாகக் குடிக்கிறது, எடை கூடுகிறது, கண் மட்டும் இன்னும் மஞ்சள். "தாய்ப்பால் மஞ்சள், போய்விடும்" என்று சொல்லிவிட்டார்களாம்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குச் சில வாரம் மஞ்சள் நீடிப்பது உண்மைதான், அதற்காகப் பாலை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் ரத்தம் பார்க்காமல் அப்படிச் சொல்லக் கூடாது. நிறைமாதக் குழந்தைக்கு 14 நாள், குறைமாதத்துக்கு 21 நாள் தாண்டி மஞ்சள் இருந்தால் "டைரக்ட் பிலிருபின்", அதாவது கல்லீரல் பக்குவப்படுத்திய பிலிருபின், எவ்வளவு என்று தனியாகப் பார்க்க வேண்டும், தைராய்டும் பார்க்க வேண்டும்.

அம்மா, மலம் என்ன நிறம்? இன்றைக்கே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சளோ பச்சையோ என்றால் நல்லது. சுண்ணாம்பு போல், களிமண் போல் வெளிறியிருந்தால் பித்தம் குடலுக்கு வரவில்லை என்று அர்த்தம். சிறுநீர் துணியில் மஞ்சள் கறையாகப் படிகிறதா என்றும் பாருங்கள், இந்த வயதில் நிறமே இருக்கக் கூடாது.

ஜூலை 15, பிற்பகல்

வெளிறித்தான் இருக்கிறதாம். போன் கேமராவில் எடுத்த படத்தை வைத்து யாரும் விவாதிக்க வேண்டாம், நிறம் மாறித் தெரியும். குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கு நாளையே போகச் சொல்லியிருக்கிறேன்.

மற்றவர்களுக்காகக் காரணம்: பித்தக்குழாய் அடைபட்டுச் சுருங்கிப்போகும் நோய் ஒன்று இருக்கிறது. பிலியரி அட்ரீசியா என்பார்கள். குழந்தை பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருக்கும், கல்லீரல் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். ஜப்பானில் மொரியோ கசாய் என்ற அறுவை மருத்துவர் 1950-களில் இதற்கு வழி கண்டார். குடலின் ஒரு பகுதியை எடுத்துக் கல்லீரலின் வாயில் நேராகத் தைத்து, பித்தம் இறங்கப் பாதை போடுவது. 60 நாளுக்குள் செய்தால் பலன் கூடுதல், நாள் ஆக ஆகக் குறையும். அதற்கு மேல் கல்லீரல் மாற்று சிகிச்சைதான். தைவானில் 2004-லிருந்து ஒவ்வொரு தாய்க்கும் மல நிறங்கள் அச்சிட்ட அட்டையைக் கொடுத்து அனுப்புகிறார்கள், அதனால் சீக்கிரம் கண்டுபிடிப்பது கூடியிருக்கிறது. நம் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் அந்தப் படம் அச்சிட எவ்வளவு செலவாகிவிடப் போகிறது? இதை நான் வேலையில் இருந்தபோதும் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன்.

ஜூலை 29

அந்தக் குழந்தைக்கு அறுவை சிகிச்சை முடிந்ததாம். மலம் பச்சையாகப் போயிருக்கிறது என்று தாய் எழுதியிருக்கிறார். இன்னும் பல மாதம் கவனிக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் உடனே போக வேண்டும். ஆனாலும் இன்றைக்கு நான் பார்த்த நல்ல செய்தி இதுதான்.

ஆகஸ்ட் 4

மணப்பாறை வாசகர் மறுபடி வந்திருக்கிறார். பிள்ளை நன்றாக இருக்கிறான், எடை கூடியிருக்கிறது, முகம் பார்த்துச் சிரிக்கிறான். காது பரிசோதனையில் "பாஸ்" என்று சீட்டு கொடுத்துவிட்டார்களாம், இனி ஒன்றும் வேண்டாமே என்று கேட்கிறார்.

எந்தப் பரிசோதனை என்று சீட்டில் பாருங்கள். ஓ.ஏ.இ. என்று இருந்தால் அது உள்காதின் நுண்செல்கள் வேலை செய்கின்றனவா என்று மட்டும் பார்ப்பது. பிலிருபின் கெடுப்பது அதற்கு அப்பால் உள்ள செவி நரம்பையும் மூளைத்தண்டையும். ஓ.ஏ.இ.-யில் தேறிய குழந்தைக்கும் பேச்சு புரியாமல் போகலாம். பெரா என்ற பரிசோதனைதான் ஒலி மூளைத்தண்டு வரை போய்ச் சேருகிறதா என்று காட்டும். குழந்தை தூங்கும்போது தலையில் சின்ன ஒட்டிகள் வைத்து எடுப்பார்கள், வலிக்காது. அளவு 21 வரை போன பிள்ளை என்பதால் நான் கேட்டு வாங்கிச் செய்துவிடுவேன். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள், அங்கே செய்வார்கள் அல்லது எங்கே செய்யலாம் என்று எழுதித் தருவார்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் ஜி6பிடி ரிப்போர்ட்டையும் மறக்காமல் கொண்டு போங்கள்.